தலைக்கு மேலே நடந்த வகுப்பு

எங்கள் தீவில், கவாலோ ஊரில், நெஸ்டாவின் சமையல் குடிசைக்குள் எந்த ஆணும் தலையை நீட்ட மாட்டான். பெண்கள் புழங்கும் இடம். அடுப்புப் புகை வேறு கண்ணைக் கரிக்கும். பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்கிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கத்தான் நெஸ்டா தன் எழுத்து வகுப்பை அங்கே வைத்திருந்தாள். செவ்வாயும் வியாழனும் பதினோரு பெண்கள் தோட்டத்துக்குப் போகிறேன் என்று கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தோட்டத்துக்கும் போவார்கள், கிழங்கும் பிடுங்குவார்கள், பொய் சொன்னதாக யாரும் குற்றம் சொல்ல முடியாது. திரும்பும் வழியில் குடிசையின் பின்பக்கமாக நுழைந்து, தாழம்பாயில் வரிசையாக உட்கார்ந்து, ஒட்டுப்பலகையில் கரி பூசிச் செய்த கரும்பலகையைப் பார்த்து எழுத்துப் படிப்பார்கள்.

அதற்கு அவளுக்குச் சம்பளம் என்று ஒரு காசு கிடையாது. "உனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டவர்கள் உண்டு. வேலை இருந்தது. ஒரு பன்றி, இரண்டு தோட்டம், ஒழுகுகிற கூரை. புருஷன் மட்டும் இல்லை. அவன் கடல் தாண்டித் தலைநகர் ஹோனியாராவில் இன்னொருத்தியோடு போய்விட்டான். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் கெட்டுப்போகும், விடுங்கள்.

அந்த ஹோனியாராவில்தான், சந்தை வாசலில் பாக்கு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நெஸ்டாவுக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். படிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்தால் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள் என்ற பயம் வேறு. பாக்குக் கூடைக்கு அடியில் கடிதத்தை மூன்று மாதம் வைத்திருந்தாள். சந்தைப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு தொண்டர் அம்மா வந்தபோதுதான் வெளியே எடுத்தாள். அந்த அம்மா படித்து முடித்தாள். நெஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் சொன்னாள். 'அம்மாவுக்கு முடியவில்லை, உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள், உடனே கிளம்பி வா' என்று எழுதியிருந்தது. அதற்குள் அம்மாவைப் புதைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தத் தொண்டர் அம்மாவே பிறகு இரண்டு வருஷம் ஒரு குடைக்கடியில் உட்கார வைத்து நெஸ்டாவுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஊருக்குத் திரும்பியதும் நெஸ்டா முதலில் செய்த காரியம் கரும்பலகைக்கு ஒட்டுப்பலகை தேடியதுதான். இன்னொருத்திக்கு அப்படி ஆகக்கூடாது. அவ்வளவுதான் அவள் கணக்கு.

இனி, நான் சொல்ல வந்த மழை நாளுக்கு வருவோம்.

ஹோனியாராவிலிருந்து எவர்லின் என்ற பெண் தேர்வு வைக்க வந்திருந்தாள். இருபத்துமூன்று வயது, தலையில் தொப்பி, வாயில் ஓயாத பேச்சு. பெண்கள் சங்கத்துத் தொண்டர். பத்துப் பேராவது உட்கார்ந்து தேர்வு எழுதினால் வகுப்பு சங்கத்துப் பட்டியலில் சேரும், புத்தகமும் நல்ல கரும்பலகையும் வரும். எழுதாவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் வரை எத்தனை புருஷன்மாருக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியும்? மறுநாள் கப்பலில் எவர்லின் திரும்ப வேண்டும். இருப்பது ஒரே ஒரு நாள். அன்றைக்குப் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

குடிசைக் கூரை நாலு இடத்தில் ஒழுகியது. கேள்வித்தாள் நனைந்து மை பரவ ஆரம்பித்தது.

"அக்கா, அந்தப் பெரிய வீடு சும்மாத்தானே இருக்கு?" என்று எவர்லின் கடற்கரைப் பக்கம் கையைக் காட்டினாள். "மாடியில மேஜை, நாற்காலி எல்லாம் ஜன்னல் வழியா பாத்தேனே. அங்க போயிடலாம்."

பதினோரு பேரும் நெஸ்டாவைப் பார்த்தார்கள்.

அது ஊர்ப் பொது வீடு. தேர்தல் சமயத்தில் ஒரு அரசியல்வாதி கட்டிக்கொடுத்தது. கீழே கொப்பரைக் கிடங்கு, ஆண்கள் கூடிப் பேசும் இடம். மேலே ஒரு பெரிய அறை. கட்டி நாலு வருஷமாகியும் மேலே ஒரு பெண் கால் வைத்ததில்லை. ஆண்களின் தலைக்கு மேல் பெண்கள் நடக்கக்கூடாது. பெண்ணின் துணி காயும் கொடிக்கு அடியில்கூட எங்கள் ஆண்கள் குனிந்து போக மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நடந்துவிட்டால் அதற்குப் பன்றி கொடுத்துப் பரிகாரம் செய்ய வேண்டும். எவர்லின் மேற்குத் தீவுக்காரி. அவள் ஊரில் நிலமே பெண்கள் பேரில்தான். அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

"ஆம்பளைங்க எல்லாம் விடியக்காலையிலேயே கடலுக்குப் போயாச்சு" என்றாள் லிலியன் சித்தி. ஊர்த்தலைவர் மயெலாசியின் மனைவி. ஐம்பத்தெட்டு வயதில் எழுத்துப் படிக்க வந்தவள். எட்டு மாதமாக அவள் வருவது தலைவருக்குத் தெரியாது. "சாயங்காலம்தான் வருவாங்க. கீழ ஆளே இல்லாதப்ப யாரு தலைக்கு மேல நடக்கப்போறோம்? நண்டு தலைக்கு மேலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். டோரின் மட்டும், "யாராச்சும் பாத்துட்டா?" என்றாள்.

"இந்த மழையில எவன் பாக்கப்போறான்?" என்றாள் சித்தி. "நெஸ்டா, என்னடி முழிக்கற? எனக்கு ஒருநாளாவது நாற்காலியில உக்காந்து எழுதணும்டி."

நெஸ்டாவுக்கு நன்றாகத் தெரியும், இது தப்பு. இந்த மண்ணில் பிறந்தவள். ஆனால் நனைந்த தாள்களைப் பார்த்தாள், சித்தியின் முகத்தைப் பார்த்தாள். "சரி, வாங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக அன்றிரவு முழுக்க அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வாழையிலையைத் தலையில் பிடித்துக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக ஏறினார்கள். மேலே நாற்காலியில் உட்கார்ந்ததும் சித்தி மேஜையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள். முதலில் ஒரு தாள் சுற்றி வந்தது. அதில் அவரவர் பெயரை அவரவரே எழுத வேண்டும். சித்தி நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, கடைசி வரியில் எழுதினாள். பிறகு தேர்வு. தகரக் கூரையில் மழை அடித்த அடியில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதே கேட்கவில்லை.

தேர்வு முடிந்ததும் எவர்லினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "எல்லாரும் எழுதிட்டீங்க! இப்ப ஒண்ணா சேர்ந்து எழுத்து சொல்லுவோம், மழையை விட சத்தமா!" என்றாள். பதினோரு பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். ஏ! பி! சி!

கீழே நடந்தது அவர்களுக்குத் தெரியாது. கடல் கொந்தளித்ததால் ஆண்கள் பாதியிலேயே திரும்பிவிட்டார்கள். மயெலாசியும் மற்றவர்களும் தோணிகளை இழுத்துப் போட்டுவிட்டுத் தெப்பலாக நனைந்து கிடங்குக்குள் ஓடி வந்திருந்தார்கள். கொப்பரை மூட்டைகள் மேல் உட்கார்ந்து டப்பா மீனை உடைத்து, காலையில் வடித்த சோற்றில் போட்டுப் பிசைந்து, பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் மழை சொல்லாமல் நிற்கும். குழாயை மூடினமாதிரி நின்றது.

"க்யூ! ஆர்! எஸ்!"

தலைவரின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். மரப்பலகைத் தளம். பலகைக்குப் பலகை விரலளவு இடைவெளி. அதன் வழியே கால்கள் தெரிந்தன. யார் கால்கள் என்று தெரியவில்லை. பெண்களின் கால்கள் என்று மட்டும் தெரிந்தது.

மேலேயும் சத்தம் நின்றது. நெஸ்டா பலகை இடைவெளி வழியே கீழே பார்த்துவிட்டாள். எவர்லின் மட்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, கையை ஆட்டி, "வாங்கண்ணா, மேல வாங்க! இடம் நிறைய இருக்கு!" என்றாள்.

தலைவர் வாயில் இருந்ததைத் துப்பினார். சோறு, மீன் எல்லாவற்றையும் அப்படியே நாய்களுக்குப் போட்டுவிட்டு ஆண்கள் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறிப் போனார்கள். அவர்கள் போன பிறகுதான் பெண்கள் பின்படியில் இறங்கி ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள்.  நெஸ்டா விஷயத்தைச் சொன்னபோது எவர்லின் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்க ஊர்ல மாடியிலதான் அக்கா துணி காயப்போடுவோம்" என்று அழுதாள்.

"உன் தப்பு இல்ல புள்ள. எனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான் ஏறினேன்" என்றாள் நெஸ்டா.

மறுநாள் காலை ஈரப்பலா மரத்தடியில் ஊர் கூடியது. ஆண்கள் மரக்கட்டைகள் மேல், பெண்கள் தள்ளித் தரையில். மயெலாசி நெஸ்டாவின் அப்பாவோடு பிறந்தவர். சின்ன வயதில் அவளைத் தோணியில் உட்கார வைத்துத் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அன்றைக்கு அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"எங்க தலை மேல நடந்திருக்காங்க" என்றார். "நாங்க சோறு தின்னுக்கிட்டிருக்கறப்ப. எந்தெந்த வீட்டுப் பொம்பளை ஏறினாளோ, அந்தந்த வீட்டுக்காரன் ஆளுக்கொரு பன்னி குடுக்கணும். வகுப்பு இன்னையோட நின்னுச்சு. அந்தக் கரும்பலகையை அடுப்புல போடு."

பன்றி என்றபோது நெஸ்டா தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். கரும்பலகை என்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. பதினோரு பேர். எட்டு மாதம். டோரினுக்கு 'எம்' எழுத்து வர ஒரு மாதம் ஆனது, வந்த அன்றைக்கு அவள் அதைச் சாம்பலில், மணலில், பப்பாளிக் காயில் என்று பார்த்த இடத்தில் எல்லாம் எழுதிவைத்தாள். அதை எல்லாம் அடுப்பில் போடுவதா?

"சித்தப்பா, நான்தான் ஏத்தினேன்" என்றாள். "என் தப்பு. என்கிட்ட இருக்கறது ஒரே பன்னி, இப்பவே அவுத்துக்கிட்டுப் போங்க. வகுப்பை மட்டும் விட்டுடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"ஒரு குரலா கேட்டுச்சு? பத்துப் பன்னண்டு கேட்டுச்சு. பேரைச் சொல்லு."

நெஸ்டா சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? அவர் மனைவியே நாலு முழம் தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு பாயைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். ஊர் முன்னால் அந்தப் பெயரைச் சொல்வதைவிட வகுப்பு போனாலும் போகட்டும் என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி வகுப்பு போனால் நான் எதற்கு என்று தோன்றியது. தலைகுனிந்து நின்றாள்.

தலைவருக்குக் கோபம் ஏறியது. "பேசமாட்டியா? சரி, அந்தப் பட்டணத்துப் பொண்ணு எங்க? அவகிட்ட கேளு."

எவர்லின் ஓரமாக நின்றிருந்தாள். அவள் பையிலிருந்து பெயர் எழுதிய தாளின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கடிதம் கொண்டுபோகும் ஆள் மாதிரி பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள். அந்த அணைப்பே காட்டிக்கொடுத்துவிட்டது. தலைவர் தாளைக் கையில் வாங்கினார்.

உற்றுப் பார்த்தார். தூரமாக வைத்துப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. கொப்பரை எடை எழுதும் தம்பி மகன் ஸ்டான்லியிடம் நீட்டினார். "படி."

ஸ்டான்லி முதல் வரியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனான். நடுவில் தன் பொண்டாட்டி பெயர். முகம் சுருங்கியது. கடைசி வரிக்கு வந்ததும் எச்சில் விழுங்கினான்.

"மழையில நனைஞ்சிடுச்சு பெரியப்பா. மை கலைஞ்சு ஒண்ணும் தெரியல."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

"கலையலடா" என்று ஒரு குரல். லிலியன் சித்தி. எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டினாள். "நல்லா அழுத்தித்தான் எழுதியிருக்கு. இங்க குடு. நான் படிக்கிறேன்."

மரத்தில் இருந்த பறவைகூட அப்போது கத்தவில்லை என்று பின்னால் சொன்னார்கள். அது மிகை, பறவை கத்தத்தான் செய்தது. ஆனால் மனுஷர் யாரும் மூச்சுவிடவில்லை.

சித்தி தாளை மடியில் விரித்து, பாக்குக் கறை படிந்த விரலை முதல் வரியில் வைத்தாள்.  சித்தி வகுப்பில் சத்தமாகப் படிக்க எப்போதும் பயப்படுவாள், பாதியில் நிறுத்திவிட்டு இருமுவாள்.

"டோ... ரின்" என்றாள் சித்தி. டோரின் புருஷன் கட்டையில் நெளிந்தான். "ஹில்... டா." ஹில்டாவின் புருஷன் நேற்று ராத்திரி ஊர் நடுவில் நின்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன், இப்போது தரையைப் பார்த்தான். "கேட்டி. செ... லி... னா." ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஆண் தலை குனிந்தது. பெயர்கள் மெதுவாக வந்தன, ஆனால் ஒன்றும் தவறவில்லை. நெஸ்டா தன்னை மறந்து ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பெயர் முடிந்தது. விரல் கடைசி வரியில் நின்றது.

சித்தி இருமினாள். பிறகு நிமிர்ந்து, புருஷனைப் பார்த்துக்கொண்டே, தாளைப் பார்க்காமல் சொன்னாள்.

"லிலியன் மயெலாசி. இதை எழுதினது நான்தான். யாரும் கையைப் பிடிச்சு எழுதல."

அப்போது ஒரு கிழவர், நேற்று கடலுக்குப் போகாதவர், பாக்கை மென்றுகொண்டே கேட்டார்: "ஏம்பா, ஏறினது எல்லாம் உங்க பொண்டாட்டிங்க. கீழ இருந்தது எல்லாம் நீங்க. அப்ப யாரு யாருக்குப் பன்னி குடுக்கறது? ராத்திரி உன் பட்டியிலிருந்து அவுத்து, காலையில உன் பட்டியிலேயே கட்டிக்கறதா?"

முதலில் பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஸ்டான்லி. பிறகு ஊரே சிரித்தது. மயெலாசி சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசமா?"

"எட்டு."

"தோட்டத்துக்குன்னுதானே சொல்லிட்டுப் போவ?"

"போனேனே. கிழங்கு தின்னீங்களா இல்லையா?"

அவர் கையை நீட்டித் தாளைத் திரும்ப வாங்கினார். "உன் பேரு எது?" என்று தணிந்த குரலில் கேட்டார். சித்தி விரலால் காட்டினாள். அந்த வரியை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளின் பெயரை எழுத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"என் தலை மேல நடந்தது என் வீட்டுக்காரி" என்றார் ஊரைப் பார்த்து. "என் பன்னியை அறுப்போம். எல்லாரும் தின்னுங்க, பரிகாரம் முடிஞ்சுது. ஆனா வழக்கம் வழக்கம்தான். ஆம்பளைங்க தலைக்கு மேல பொம்பளைங்க நடக்கறது இனிமே கிடையாது." நெஸ்டா மறுபடி தலையைக் குனிந்தாள். அவர் தொடர்ந்தார்: "அதனால கொப்பரை மேல போகட்டும். நாம மேல கூடுவோம். கீழ்த்தளத்தைப் பொம்பளைங்க வெச்சுக்கட்டும். மேஜை, நாற்காலி கீழ வரட்டும்."

"அத்தனை மூட்டையையும் மாடிக்கா?" என்று ஹில்டாவின் புருஷன் அலறினான்.

"நேத்து அவ்ளோ கத்தினியே, தெம்பு இருக்குல்ல? தூக்கு" என்றார் தலைவர்.

நெஸ்டா அந்த இடத்திலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எவர்லின் கப்பலைத் தவற விடும் அளவுக்குப் பன்றிக் கறி தின்றாள். அவள் அடுத்த கப்பலில் போய்ச் சேர்ந்ததும் கவாலோ வகுப்பு பட்டியலில் ஏறிவிட்டதாகச் செய்தி வந்தது. பதினோரு பேருமே தேறியிருந்தார்கள்.

இப்போதெல்லாம் வகுப்பு கிடங்கில்தான் நடக்கிறது. கூடையை மாட்டிக்கொண்டு பின்பக்கமாக ஒளிந்து வரவேண்டியதில்லை. புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். மேலே மூட்டைகளுக்கு நடுவில் தலைவர் உட்கார்ந்திருப்பார். எலி வருகிறது, காவல் வேண்டும் என்கிறார். செவ்வாயும் வியாழனும் மட்டும்தான் அந்த எலி வருகிறது.

போன வாரம் வியாழக்கிழமை. நல்ல மழை. புதியவர்களுக்காக நெஸ்டா முதலிலிருந்து எழுத்துகளைச் சொல்ல வைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் டோரினின் குழந்தை அழ, எல்லோரும் நிறுத்தினார்கள். அதே நேரம் மழையும் பொட்டென்று நின்றது.

மேலே பலகை இடைவெளி வழியாக ஒரு கரகரத்த குரல் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. "ஓ... பி... க்யூ... ஆர்..." பிறகு அதுவும் சட்டென்று நின்றது.

கீழே பதினேழு பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒரு அசைவு இல்லை. நெஸ்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

லிலியன் சித்தி குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொன்னாள்: "ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் எட்டு இருக்கு. சொல்லி முடிங்க."